அவரைக்காயைக் கழுவியவள்

என் அண்ணன் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை ஒன்று அதில் தொங்கும். மார்க்கெட்டுக்கென்றே உள்ள கூடை. பதினாறு வருஷம் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனது என் அண்ணன் மட்டும்தான். திரும்பி வந்த கூடையைக் கொட்டிப் பிரிப்பதும், கழுவுவதும், காய்ந்ததும் ஆணியில் மாட்டுவதும் அண்ணியின் வேலை.

அண்ணன் பெயர் வெங்கடசாமி. எலெக்ட்ரிக் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். அண்ணி சீதாலட்சுமி. நான் ராதா, அண்ணனுக்கு ஒரே தங்கை. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு சந்துதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஏரியாவில் பெயர். அந்த வாய் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்று ஆவணியில் செய்யாற்றிலிருந்து அண்ணி கல்யாணமாகி வந்தாள். முதல் மூன்று மாதம் மார்க்கெட்டுக்குப் போனவள் அவள்தான். அண்ணன் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்ததும், கூடையை எடுத்துக்கொண்டு மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்கு நடந்தே போவாள். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. விரலைக் காட்டியே வாங்குவாள். எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கூடையின் மேலே ஒரு கட்டுக் கீரை இருக்கும். தண்டுக்கீரை, அரைக்கீரை, பருப்புக்கீரை, கிடைத்தது எதுவானாலும் சரி. சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஆய்ந்துகொண்டே எங்கள் அம்மாவிடம் ஊர்க்கதை சொல்வாள். பூண்டு தட்டிப் போட்டு அவள் கடைந்த கீரையை ஒரு பிடி சோற்றில் போட்டுப் பிசைந்தால், எனக்கே இன்னொரு பிடி வேண்டும் போல இருக்கும். அண்ணிக்கோ கீரை இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

டிசம்பரில் காவிரிக் கலாட்டா வந்தது. அதைப் பற்றி நான் விரிவாக எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் ஸ்ரீராம்புரத்தில் இருந்த யாருக்கும் மறக்காது. கடைத்தெருவில் வாயைத் திறந்தாலே தமிழ் என்று தெரிந்துவிடும் பெண்ணை எப்படி வெளியே அனுப்புவது? அண்ணன் கூடையைத் தானே எடுத்துக்கொண்டான்.

"கொஞ்ச நாளைக்கு நீ போவாத சீதா. கம்பெனி விட்டு வரப்ப நானே வாங்கியாந்துடறேன்."

இதில் ஒரு தப்பும் இல்லை. பெண்டாட்டி மேல் பிரியம் உள்ளவன் சொல்லுகிற வார்த்தைதான். அண்ணியும் தலையை ஆட்டினாள். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று அன்றைக்கு யாரும் பேசிக்கொள்ளவில்லை.

ஜனவரியில் ஊர் அடங்கியது. அண்ணி கேட்டாள். "எல்லாந்தான் சரியாயிடுச்சே, இனிமே நான் போறேங்க." அண்ணனும், "பண்டிகை போவட்டும், அப்புறம் நீயே போ" என்று சொல்லிவிட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் மறுக்கவே இல்லை.

பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த அவரைக்காய் வந்தது.

பெங்களூரில் அவரைக்காய் என்றால் பொரியல் செய்கிற அவரை இல்லை, மொச்சை. மார்கழிப் பனியில் அது மார்க்கெட்டுக்கு வந்துவிட்டால் இந்த ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பனியில் விளைந்த காயின் தோலில் எண்ணெய் தடவியது போல ஒரு பிசுபிசுப்பு இருக்கும், அதிலிருந்து ஒரு வாசனை வரும். இரண்டுக்கும் சேர்த்துக் கன்னடத்தில் சொகடு என்று பெயர். தண்ணீர் பட்டால் சொகடு போய்விடும், சொகடு இல்லாத காயை மாட்டுக்குப் போடுவார்கள். எங்கள் அண்ணன் ஒவ்வொரு குவியலாக நின்று, காயை முறித்து மோந்து பார்த்து, விரலில் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பார்த்து, அரை மணி நேரம் கழித்துத்தான் தராசில் போடச் சொல்வான். வீட்டுக்கு வந்து கையை எங்கள் மூக்கருகே நீட்டுவான். நாங்கள் ஆஹா என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நாலு கிலோ கொண்டுவந்து முற்றத்தில் வைத்தான். உரிக்க உட்காருவதற்காக அம்மா கூடத்தில் பழைய புடவையை விரித்தாள். "சீதா, காயை எடுத்தா" என்று குரல் கொடுத்தாள். அண்ணி வர நேரமானது. பின்பக்கம் குழாய்ச் சத்தம் கேட்டது. வந்தபோது முறம் நிறைய அவரைக்காய், சொட்டச் சொட்ட ஈரம். அண்டாவில் தண்ணீர் பிடித்து நாலு கிலோவையும் கொட்டி, இரண்டு கையாலும் தேய்த்து அலசி எடுத்து வந்திருந்தாள்.

"அடிப் பாவி, கழுவிட்டியா!" என்று அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அண்ணன் ஒரு காயை எடுத்து மோந்து பார்த்தான். இன்னொன்றை எடுத்தான். பிறகு சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்ததும் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்போது இருபது வயது. எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். அண்ணி ஈரக் கையோடு நின்று என்னவோ சொன்னாள். எங்கள் சத்தத்தில் அது காதில் விழவில்லை. "கர்நாடகத்துலயே அவரைக்காயைக் கழுவின மொத ஆளு என் பொண்டாட்டிதான்" என்று அண்ணன் சொன்னதும் நாங்கள் மறுபடியும் ஒரு பாட்டம் சிரித்தோம். அண்ணியும் சிரித்தாள். சிரித்தது போலத்தான் எனக்கு ஞாபகம்.

மறுவாரம் அண்ணி கூடையைக் கேட்டபோது அண்ணன் சொன்னான். "அவரைக்காயைக் கழுவறவ கையில கூடையைக் குடுத்தா, அப்புறம் நாம சாப்பிட்ட மாதிரிதான்!" சிரித்துக்கொண்டேதான் சொன்னான், கூடையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியது நான்தான். காயைக் கழுவிய அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில் சொன்னேன். மறுநாள் டைப்ரைட்டிங் கிளாஸில் சொன்னேன். பிறகு என் கல்யாணத்தில், என் மாமியார் வீட்டில், சீமந்தத்தில், காதுகுத்தில். நன்றாகச் சொல்லுவேன், அம்மா மாதிரி தலையில் கை வைத்து நடித்துக் காட்டுவேன். குளிர்காலம் வந்தால் தெருவில் பெண்கள், "என்னா சீதா, கழுவியாச்சா?" என்று கேட்பார்கள். அண்ணி சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

கூடை போனதோடு கீரையும் போனது. இது எப்படி என்று சொன்னால்தான் புரியும். எங்கள் வீட்டில் ராத்திரியில் கீரை சாப்பிட மாட்டார்கள். செரிக்காது, பூச்சி இருந்தால் தெரியாது என்று அம்மா காலத்துப் பழக்கம். அண்ணனோ கம்பெனி விட்டு மார்க்கெட்டுக்குப் போவதே சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்போது வாங்குகிற கீரை காலையில் துவண்டு கிடக்கும், துவண்டதை அவன் தொட மாட்டான். சரி, காலையில் தெருவிலேயே வாங்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. சின்னத்தாயி என்று ஒரு பெண் ஏழு மணிக்குத் தலையில் கூடையோடு "கீரே… சொப்பு…" என்று இரண்டு மொழியிலும் கூவிக்கொண்டு எங்கள் சந்து வழியாகத்தான் போவாள். சாக்கடைக்கு எங்கள் பேச்சில் மோரி என்று சொல்வோம். "தெருவுல வர்ற கீரை அத்தனையும் மோரித் தண்ணில வளந்தது. அதுக்கு நேரா மோரியிலயே வாயை வெக்கலாம்" என்பான் அண்ணன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நியாயம் மாதிரிதான் இருக்கும். எல்லாம் சேர்ந்து அண்ணியின் தட்டில் கீரை இல்லாமல் செய்துவிட்டது.

அவள் கேட்காமல் இருந்தாள் என்று நினைக்கக் கூடாது. கிருத்திகா வயிற்றில் இருந்தபோது டாக்டரம்மா, "ரத்தம் கம்மியா இருக்கு, தினமும் கீரை சாப்பிடுங்க" என்று எழுதியே கொடுத்தாள். அண்ணி முகத்தில் நான் பார்த்த சந்தோஷம் குழந்தைக்காகவா கீரைக்காகவா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அன்று சாயங்காலம் அண்ணன் கூடை நிறைய மாதுளம்பழம், பேரீச்சை, பீட்ரூட், மேலே ஒரு டானிக் பாட்டில் கொண்டுவந்து இறக்கினான். "கீரையில என்னா இருக்கு? இதுல அதைவிட பத்து பங்கு இருக்கு." ஒன்பது மாதமும் பீட்ரூட். குழந்தை சிவப்பாகப் பிறந்ததற்கு அதுதான் காரணம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாயிரத்தொன்றில் பிரிட்ஜ் வாங்கினார்கள். அண்ணி அதன் கீழ்த் தட்டைத் திறந்து, "கீரையை ஈரத் துணில சுத்தி இதுல வெச்சா காலைல வரைக்கும் அப்பிடியே இருக்குமாம் ராதா" என்று என்னிடம் காட்டினாள். அண்ணன் காதில் விழுந்தது. "பிரிட்ஜுல வெச்ச காய் பொணத்துக்குச் சமானம்" என்றான். அந்தப் பிரிட்ஜில் இன்று வரைக்கும் பாலும் தோசை மாவும் மல்லிகைப் பூவும் தவிர வேறு எதுவும் கிடையாது.

அண்ணன் கெட்டவனாக இருந்தால் தேவலை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். குடிகாரனோடு குடித்தனம் நடத்துகிற பெண்கள், "ஒனக்கென்னா சீதா, வேளாவேளைக்குக் கூடை நிறைய வாங்கிப் போடற புருஷன்" என்று பெருமூச்சு விடுவார்கள். அவர்களிடம் போய், என் புருஷன் கீரை வாங்கித் தரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்பு என்றால் அண்ணிக்கு என்னவென்று நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவரைக்காய் வருகிற இரண்டு மாதமும் அண்ணி மோர் சோறும் ஊறுகாயும்தான் சாப்பிடுவாள். வீடு முழுக்க அவரைக்காய்க் குழம்பும் களியும், அவரைக்காய் உப்புமாவும், தோல் பிதுக்கிய பருப்பில் செய்த சாறும் மணக்கும். அவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மோரை ஊற்றிக்கொள்வாள். அம்மா இருந்த வரைக்கும், "மகராசி, ருசியானதை எல்லாம் நமக்கே போட்டுடறா, தனக்குன்னு வெச்சிக்க மாட்டா" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இரண்டாவது கரண்டி வாங்கிக்கொண்டேன்.

இரண்டாயிரத்தெட்டு ஜனவரியில், மார்க்கெட் வாசலில் கிடந்த முட்டைக்கோஸ் இலையில் கால் வைத்து அண்ணன் வழுக்கி விழுந்தான். கணுக்காலில் எலும்பு விலகி, ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்தபோதும் கூடையை விடவில்லை, ஒரு தக்காளிகூட நசுங்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

இனி யார் வாங்கி வருவது என்ற கேள்வி வந்தபோது அவன் என் பெயரைத்தான் சொன்னான். அண்ணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நானும் ஒரு வாரம் வாங்கிக் கொடுத்தேன். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, பேப்பரை விரித்து, ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்ப்பான். "இது வெண்டைக்காயா, விறகா? கத்தரிக்காய்க்குக் காம்பைப் பாத்தியா? இந்தத் தேங்காயை ஆட்டிப் பாக்காமயே வாங்கிட்டே." ஏழாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நொண்டிக்கிட்டே நீயே போய் வாங்கிக்க. ஊட்டுல கல்லு மாதிரி ஒரு பொம்பளை நிக்கறா, அவளை அனுப்ப ஒனக்கு மனசு வரல."

"அவளா?" என்றான் அண்ணன். "ராதா, நீயே சொல்லியிருக்கியே ஊரெல்லாம்."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணி பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை. நானும் கூடப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் அரை மனதாகச் சரி என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டுத் தாளில் தன் கையால் லிஸ்ட் எழுதிக் கொடுத்தான். கத்தரிக்காய் என்று எழுதி, பக்கத்தில் பச்சை நிறம், குண்டு, காம்பில் முள் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தான். பதினோரு அயிட்டம். பதினொன்றாவது அவரைக்காய், கோவிந்தப்பா கடை.

அண்ணி குளித்து, தலை பின்னி, நல்ல புடவை கட்டிக்கொண்டாள். ஆணியிலிருந்து கூடையை எடுத்தபோது அதன் காதைப் பிடிக்கத் தெரியாதவள் போல ஒரு முறை கை மாற்றிப் பிடித்தாள். மல்லேஸ்வரம் போகும் மெயின் ரோட்டில் ஏறியதும், "வெயிலு நல்லா இருக்கில்ல?" என்றாள். அவ்வளவு லேசாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

காலை நேர மார்க்கெட்டில் கீரைதான் முதலில் கண்ணில் படும். சாக்கை விரித்து, தண்ணீர் தெளித்து, கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். அண்ணி நேராக அங்கே போய்க் குந்தி உட்கார்ந்தாள். ஒரு கட்டு அரைக்கீரையைப் பிரித்துப் பார்த்து, வேரைத் தட்டி, இலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கட்டு எடுத்துக் கூடையில் வைத்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. எழுந்து நாலு அடி வந்திருப்போம். அவள் நின்றாள், திரும்பிப் போனாள், இரண்டு கட்டையும் எடுத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"ஏன் அண்ணி?"

"வேணாம் ராதா. ஊட்டுக்குப் போனா, எந்தத் தண்ணில வளந்ததுன்னு கேப்பாரு. பதிலு சொல்லணும். லிஸ்ட்டுல இல்லாதது எதுக்குன்னு கேப்பாரு. அதுக்கும் சொல்லணும்."

"அப்ப நான் வாங்கிக்கறேன். எங்க ஊட்டுல கடைஞ்சு தரேன், வந்து சாப்பிடு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கொஞ்சம் கூசிப்போனேன். "கீரை திங்கறதுக்கு உங்க ஊட்டுக்குத் திருட்டுத்தனமா வரணுமா நான்?" என்றாள். பிறகு லிஸ்ட்டைப் பிரித்தாள்.

அதற்கப்புறம் நான் பார்த்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தாள், ஆனால் இரண்டு விரலால் பட்டென்று, அண்ணன் ஒடிப்பது மாதிரியே. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டியபோது அவனைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தாள். கத்தரிக்காய்க்காரனிடம், "காம்புல முள்ளு எங்கப்பா?" என்று கன்னடத்தில் கேட்டாள். பதினாறு வருஷம் அவன் வாங்கி வந்த கூடையைப் பிரித்துப் பிரித்து, அவன் கையே அவளுக்கு வந்துவிட்டிருந்தது. லிஸ்ட்டை அவள் இரண்டாவது முறை பார்க்கவே இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

கடைசியில் கோவிந்தப்பா கடை. பெரிய குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "பாம்மா, மாகடி காய், சொகடு நோடி!" என்று மாகடி ஊர்க் காயை மோந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் சிநேகிதர். எல்லோரிடமும் பாதி கன்னடம் பாதி தமிழில் பேசுகிற மனுஷர். அண்ணி ஒரு காயை முறித்து முகத்தருகே கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு, விரலில் மட்டும் தேய்த்துப் பார்த்தாள்.

"வெங்கடசாமி அண்ணன் காணோமே?" என்று என்னிடம் கேட்டார் கோவிந்தப்பா. கால் விஷயத்தைச் சொன்னேன். "இது அவரு வீட்டுக்காரங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஓஹோ! காயைக் கழுவின அம்மா நீங்கதானா?" என்றார். பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டு, "ஏய், நோடு, கழுவின அம்மா!" என்று காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். துளி கெட்ட எண்ணம் கிடையாது. எடை போட்டு முடித்ததும் மேலே இரண்டு கை அள்ளிச் சும்மா போட்டார். "இதைக் கழுவாதீங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அண்ணியும் சிரித்தாள். அவள் எப்படிச் சிரிப்பாள் என்பதை அன்றைக்குத்தான் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உதடு மட்டும் விரியும். கண்ணில் ஒன்றும் இருக்காது. திரும்பி வரும் வழி முழுக்கக் கூடையின் ஒரு காதை நானும் ஒரு காதை அவளும் பிடித்துக்கொண்டு வந்தோம். வெயிலைப் பற்றி அவள் பேசவில்லை.

வீட்டில் அண்ணன் பேப்பரை விரித்துத் தயாராக இருந்தான். ஒவ்வொன்றாக எடுத்தான், பார்த்தான், வைத்தான். பதினோரு அயிட்டமும் முடிந்தது. ஒரு குறையும் சொல்லவில்லை. கடைசியில் அவரைக்காயை முறித்து மோந்தவன், கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"ராதா, பாத்தியா? நானே போயிருந்தாலும் இதையேதான் வாங்கியிருப்பேன்! பதினாறு வருஷ ட்ரெயினிங்!" அண்ணியைப் பார்த்து நிஜமான சந்தோஷத்தோடு சொன்னான். "பாஸாயிட்டே போ. இனிமே என் கால் சரியாவற வரைக்கும் நீயே போ. லிஸ்ட்டு நான் எழுதித் தரேன்."

இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் அந்த வீட்டில் கிடையாது. அண்ணி சந்தோஷப்படுவாள் என்று நான் முகத்தைப் பார்த்தேன். அவள் குனிந்து அவரைக்காய்ப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. அண்டாவில் தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு காயைக் கொட்டுகிற சத்தம்.

"ஏய்! என்னா பண்றே?" என்று அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணி முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டு, ஒவ்வொரு பிடியாக அள்ளித் தேய்த்து அலசிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீர் பிடித்தாள். மூன்றாவதும் பிடித்தாள். அவசரமே இல்லை. பிறகு முறத்தில் அள்ளி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து அண்ணனுக்கு முன்னால் வைத்தாள்.

"இந்த வாசனை எனக்கு ஆகாதுங்க" என்றாள். "மூக்குல ஏறினா மண்டை இடிக்கும், வயித்தைப் பொரட்டும். அன்னிக்கு நான் தெரியாம கழுவல. இதுக்காகத்தான் கழுவினேன்."

அண்ணன் காயிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். "இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னேன். அன்னிக்கே, இதே எடத்துல நின்னு சொன்னேன். நீங்க மூணு பேரும் சிரிச்சிக்கிட்டிருந்தீங்க."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"கேலிக்குப் பயந்து சாக்கு சொல்றான்னு அதுக்கும் சிரிச்சிருப்பீங்க."

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அண்ணன் முறத்திலிருந்து ஓர் ஈரக் காயை எடுத்து மோந்து பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டான்.

"நீ பக்கத்துலதானே இருந்தே. நெசமாவே அன்னிக்கு அவ சொன்னாளா?"

ஞாபகம் இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "என்னவோ சொன்னா அண்ணே" என்றேன். "நான்தான் எல்லாரையும்விட சத்தமா சிரிச்சிக்கிட்டிருந்தேன்."

மத்தியானம் குழம்பு வைத்தாள். வாசனையே இல்லாத அவரைக்காய்க் குழம்பு. அண்ணன் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தான். கிருத்திகா, "என்னம்மா இது, ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். எங்களுக்குப் பிறகு அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மோரை எடுக்கவில்லை. குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் ஊற்றிக்கொண்டாள். அவள் அவரைக்காய் சாப்பிட்டு அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன்.

இதெல்லாம் நடந்த பிறகு வீடு தலைகீழாக மாறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மார்ச்சில் கட்டைப் பிரித்தார்கள். அண்ணன் கொஞ்சம் நொண்டி நடந்தான், அடுத்த வாரமே கூடை அவன் தோளுக்குத் திரும்பிவிட்டது. "ஒனக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லித்தான் எடுத்துக்கொண்டான். இப்போதும் கம்பெனி விட்டு ஆறு மணிக்குத்தான் மார்க்கெட். ராத்திரியில் கீரை கிடையாது. சின்னத்தாயி காலையில் கூவிக்கொண்டு போகிறாள், அந்த வீட்டு வாசலில் அவள் நிற்பதில்லை. அடுத்த குளிர்காலத்தில் அண்ணன் அவரைக்காய் கொண்டுவந்தான். அண்ணி கழுவினாள். அவன் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான். அவளுக்கு மிஞ்சியது அந்த ஓர் அண்டாத் தண்ணீர்தான்.

நான் அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்டபோதும் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே சொன்னதை என்ன செய்வது? ஒரு நாள் மனசு கேட்காமல் மார்க்கெட்டுக்குப் போய்க் கோவிந்தப்பாவுக்கு முன்னால் நின்றேன்.

"அவங்க பேரு சீதாலட்சுமி" என்றேன்.

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, உதவி செய்யத் தயாராக என்னைப் பார்த்தார். "யாரும்மா சீதாலட்சுமி?" என்றார்.

காயைக் கழுவினவங்க என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார். வேறு எப்படிச் சொன்னாலும் அவருக்குத் தெரியாது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, அரைக் கிலோ போடச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.